முலாம்பழத்தில் அடியிலை மஞ்சள்: சத்துக் குறைவா, வைரஸா?

செம்மண்காடு

முலாம்பழம், நட்டு 38 நாள். வெள்ளி நிற மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர், பாருக்குப் பார் 6 அடி. கொடியின் அடிப்பக்க இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுப்பகுதி மஞ்சளாகிக்கொண்டே போகிறது. நுனியில் நாலைந்து இலை நல்ல பச்சை. சுருட்டை கிடையாது, தேமல் கிடையாது. மக்னீசியம் குறைவு என்று சொல்லி லிட்டருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் இரண்டு முறை அடித்தாயிற்று. மஞ்சள் நிற்கவில்லை. பக்கத்து வயலில் இன்னும் இரண்டு வாரத்தில் அடுத்த நடவு போட வேண்டும். இது என்ன, அதை நடலாமா?

இலைநரம்பு

படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. நேரில் ஐந்து விஷயம் பார்த்துவிட்டு வாருங்கள்.

மஞ்சள் வயல் முழுக்க ஒரே சீராக இருக்கிறதா, அல்லது ஒரு ஓரத்தில் தொடங்கித் திட்டுத்திட்டாக உள்ளே வருகிறதா? சத்துக் குறைவு மண்ணோடும் பைப்போடும் போகும். ஒரு லேட்டரல் (செடி வரிசையில் ஓடும் சொட்டுநீர்க் குழாய்) முழுக்க, ஒரு மேட்டுப் பகுதி முழுக்க என்று தெரியும். வைரஸ் பூச்சியோடு போகும். அதனால் முழு மஞ்சள் செடிக்குப் பக்கத்திலேயே முழுப் பச்சைச் செடி நிற்கும்.

மஞ்சள் இலையை இரண்டு விரலால் மடக்குங்கள். பப்படம் மாதிரி உடைந்தால் வைரஸ் பக்கம் சாய்கிறது. இலை தடித்து, விளிம்பு மேல் நோக்கிச் சற்றே சுருளும். வைரஸ் சாறுகடத்தும் திசுவை அடைத்துக்கொள்வதால் இலையில் தயாராகும் மாவு வெளியேற முடியாமல் அங்கேயே தேங்குகிறது. அதனால்தான் அந்த மொறுமொறுப்பு. மக்னீசியம் குறைந்த இலை இப்படி உடையாது.

இலையைத் திருப்பி அடியைப் பாருங்கள். நரம்புகளுக்குள் அடைபட்ட கட்டம் கட்டமான புள்ளியும் கீழே சாம்பல்-ஊதா பூசணமும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். ஊசிமுனைப் புள்ளியும் நூலாம்படையும் இருந்தால் சிலந்திப்பேன். விளிம்பு மட்டும் மஞ்சளாகிக் கீழே கவிழ்ந்தால் தத்துப்பூச்சி.

நாலாவது, மஞ்சள் எங்கே தொடங்கியது. அடியிலையில் தொடங்கி நுனி நோக்கிப் போனால் மேலே சொன்ன, மடக்கினால் உடையும் வைரஸ் மஞ்சளாக இருக்கலாம். நுனி இலையிலேயே மஞ்சள்-பச்சைத் திட்டும் சுருட்டையும் இருந்தால் அது வேறு கூட்டம், மஞ்சள் தேமல் வைரஸ்கள். தமிழ்நாட்டில் பாகலில் காலகாலமாகப் பார்ப்பது அதைத்தான்.

ஐந்தாவது: வெள்ளை ஈயா, அசுவினியா, எது இருக்கிறது? அதிகாலையில், வெயில் ஏறுமுன் பாருங்கள். வெள்ளை ஈயின் வளர்ந்த பூச்சி நுனியிலிருந்து மூன்றாவது நாலாவது இலையின் அடியில் இருக்கும். குஞ்சு கீழே உள்ள வயதான இலையில். அடியிலையை மட்டும் பார்த்துவிட்டு "பூச்சியே இல்லை" என்று சொல்பவர்கள் நிறைய.

செம்மண்காடு

பார்த்தேன். கிழக்கு ஓரம், வெண்டைக்காடு இருக்கிற பக்கம், அதிகம். நடுவில் அங்கங்கே. மடக்கினால் சடக்கென்று உடைகிறது. மூன்றாவது இலையில் சராசரியாக ஐந்தாறு வெள்ளை ஈ. அசுவினி சில செடிகளின் நுனியில் மட்டும் கூட்டமாக. மொத்தத்தில் பாதிக் கொடிக்கு மேல் மஞ்சள் காட்டுகிறது.

பூச்சிக்கணக்கு

அப்படியானால் வைரஸ் என்றே வைத்துப் பேசலாம். எந்த வைரஸ் என்பது ஆய்வகத்தில்தான் தெரியும், ஆனால் எந்தப் பூச்சி என்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

வெள்ளரிக் குடும்பத்தில் இந்த "அடியிலை மஞ்சள்" தரும் வைரஸ்கள் இரண்டு வழியில் வருகின்றன.

வெள்ளை ஈ கொண்டுவருபவை: சிஒய்எஸ்டிவி (CYSDV, வெள்ளரி மஞ்சள் குன்றல் வைரஸ்), சிசிஒய்வி (CCYV, வெள்ளரிக் குடும்ப மஞ்சள் சோகை வைரஸ்). இரண்டும் கிரினிவைரஸ் என்ற ஆர்என்ஏ வைரஸ் வகை. முதலாவது 1982-இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் வெள்ளரி, முலாம்பழத்தில் கண்டது. இரண்டாவது 2004-இல் ஜப்பானின் குமமோட்டோவில் முலாம்பழத்தில் தலைகாட்டியது. இவை பூச்சியின் வாய்ப்பகுதியிலும் முன்குடலிலும் ஒட்டிக்கொண்டு சில நாள் மட்டும் இருக்கும். சிஒய்எஸ்டிவி சுமார் 9 நாள் வரை ஒட்டியிருக்கும். பூச்சி தோலுரித்தால் போய்விடும். ஆனால் நோயுற்ற இலையில் பிறந்து வளர்ந்த பூச்சி இறகு முளைத்ததும் அதே இலையில்தான் முதல் சாறு குடிக்கிறது, அதனால் அந்த ஆறுதல் பெரிதல்ல.

அசுவினி கொண்டுவருவது: சிஏபிஒய்வி (CABYV, வெள்ளரிக் குடும்ப அசுவினிவழி மஞ்சள் வைரஸ்), பொலரோவைரஸ் வகை. பிரான்ஸில் 1992-இல் விவரிக்கப்பட்டது. பருத்தி அசுவினியும் பச்சை பீச் அசுவினியும் பரப்பும். இது குடலைத் தாண்டி உடலுக்குள் சுற்றி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வர ஒரு நாள் போலப் பிடிக்கும். வந்த பிறகு அந்த அசுவினி சாகும்வரை பரப்பிக்கொண்டே இருக்கும். குட்டிக்குப் போகாது.

இன்னொன்று, இவை எதுவும் கத்தரிக்கோலாலும் கையாலும் பரவாது. விதையில் வராது. கொடி கவாத்துக் கத்தியைப் பாலில் முக்குவது, பிளீச்சிங்கில் முக்குவதெல்லாம் இங்கே நேர விரயம். சாற்றாலும் பரவும் சாதாரணத் தேமல் வைரஸ்களுக்கு அது சரி.

மருந்துக்கடை

எந்த வைரஸா இருந்தா என்ன சார்? ரெண்டுக்குமே பூச்சிதானே. மூணு நாளுக்கு ஒரு தடவை நல்ல மருந்தா மாத்தி மாத்தி அடிச்சா அடங்கும். எல்லாரும் அதைத்தான் செய்யறாங்க.

பூச்சிக்கணக்கு

அண்ணே, அடிப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்போது அடிக்கிறோம் என்பதுதான் கேள்வி. இன்று மஞ்சள் தெரிகிற கொடிக்குப் பூச்சி ஊசி போட்டது இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு முன்பு. 38 நாள் பயிரில் இப்போது பாதி மஞ்சள் என்றால் நட்ட 10-ஆம் நாளுக்கும் 24-ஆம் நாளுக்கும் இடையில் எல்லாம் முடிந்துவிட்டது. பச்சையாகத் தெரியும் மீதியிலும் பலவற்றுக்குள் வைரஸ் ஏறியிருக்கும். இனி மூன்று நாளைக்கு ஒருமுறை அடித்துக் காப்பாற்ற அங்கே அதிகம் மிச்சமில்லை. அதே பணத்தை அடுத்த நடவின் முதல் 25 நாளில் செலவழிக்கட்டும்.

மாற்றி மாற்றி அடிக்கும்போது நடுவில் லாம்டா, சைபர் வகை (பைரித்திராய்டு மருந்துகள்) வந்துவிடுகிறது. வெள்ளை ஈயின் குஞ்சைத் தின்னும் பொறிவண்டையும் ஒட்டுண்ணிக் குளவியையும் அது முதலில் கொல்லும். பத்து நாள் கழித்து வெள்ளை ஈ இரட்டிப்பாகும். பிறகு மறுபடி கடைக்கு வருவார்கள். (கடைக்கு நல்லதுதான்.)

மருந்துக்கடை

😀 சரி சரி. அப்போ என்ன குடுக்கணும்னு சொல்லுங்க, அதையே குடுக்கிறேன்.

பாலைக்கொடி

மருந்துக்கு முன்னால் ஒரு ஊரின் கதையைப் பார்க்கலாம். ஏனென்றால் இந்த நோயை மருந்தால் மட்டும் அடக்க முடியுமா என்பதை உலகத்திலேயே அதிகம் சோதித்த இடம் அமெரிக்கப் பாலைவனம்: கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு, அரிசோனாவின் யூமா, எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் சொனோரா. கொலராடோ ஆற்றுப் பாசனம், ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பயிர் பச்சையாக நிற்கும் நிலம்.

1981-இல் அங்கே பருத்தியில் பெருகிய வெள்ளை ஈ, லெட்யூஸ் கீரையிலும் முலாம்பழத்திலும் எல்ஐஒய்வி (LIYV, லெட்யூஸ் தொற்று மஞ்சள் வைரஸ்) என்ற மஞ்சள் வைரஸைக் கொட்டியது. பத்தாண்டு அதோடு போராடினார்கள். 1990 வாக்கில் வெள்ளை ஈயின் ஏ வகையை பி வகை துரத்திவிட்டு இடத்தைப் பிடித்தது. பி வகைக்கு அந்த வைரஸைச் சுமக்கும் திறன் மிகக் குறைவு. எந்த மருந்தும் செய்யாததைப் பூச்சி மாற்றம் செய்தது: எல்ஐஒய்வி வயல்களிலிருந்து மறைந்தே போனது.

நிம்மதி நிலைக்கவில்லை. பி வகை நன்றாகச் சுமக்கக்கூடிய சிஒய்எஸ்டிவி 2006 இலையுதிர் பருவத்தில் மூன்று இடத்திலும் ஒரே நேரத்தில் வெடித்தது. ஜூலை கடைசி, ஆகஸ்டில் விதைக்கும் பயிர்தான் முழு அடி வாங்கியது. பருத்தி முடியும் நேரம், வெள்ளை ஈ உச்சத்தில் இருக்கும் நேரம். குளிர் முடிந்ததும் போடும் முதல் வசந்தப் பயிர் பெரும்பாலும் தப்பித்தது, அப்போது பூச்சி குறைவு. ஒரே வைரஸ், ஒரே மருந்து, விதைப்பு மாதம் மட்டும் வேறு. இலையுதிர் முலாம்பழப் பரப்பே அங்கே சுருங்கிப்போனது.

அதற்குமேல் 2014-இல் எஸ்கியூவிஒய்வி (SqVYV, பூசணிக் கொடி மஞ்சள் வைரஸ்) என்ற இன்னொன்று, 2018-இல் சிசிஒய்வி. பழைய மாதிரிகளைத் திரும்பச் சோதித்ததில் சிசிஒய்வி 2014-இலேயே இருந்தது தெரிந்தது. சிஒய்எஸ்டிவி என்றே எல்லா மஞ்சளையும் எழுதி வைத்ததால் நாலு வருடம் கண்ணில் படவில்லை. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது.

கணக்குப்பிள்ளை

பாலைக்கொடி, பருத்திதான் வைரஸுக்கும் மூலமா? இங்கே பருத்தி இல்லாத ஊரிலும் வருகிறதே.

பாலைக்கொடி

இல்லை. பருத்தி பூச்சி பெருகும் இடம், வைரஸ் குடியிருக்கும் இடமல்ல. வைரஸ் தங்கியது பழைய முலாம்பழக் கொடியிலும், தானே முளைத்த கொடியிலும், சில களைகளிலும். இம்பீரியலில் தேடியபோது லெட்யூஸ், குதிரைமசால், பீன்ஸ் இவற்றிலும் சிஒய்எஸ்டிவி கிடைத்தது. தக்காளிக் குடும்பத்துக் காட்டுச்செடி ஒன்று, நம்ம ஊர் சொடக்குத் தக்காளியின் சொந்தம், நல்ல சேமிப்புக் கிடங்காக இருந்தது. வெள்ளரிக் குடும்பத்தை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும் என்ற நினைப்பு அங்கே உடைந்தது.

ஆகவே இரண்டு கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள்: பூச்சி எங்கே பெருகுகிறது? வைரஸ் எங்கே காத்திருக்கிறது? செம்மண்காட்டின் வயலில் முதல் கேள்விக்கு விடை அந்த வெண்டை. இரண்டாவதற்கு விடை இப்போது மஞ்சளாகி நிற்கும் அவருடைய சொந்த முலாம்பழம். அதற்குப் பக்கத்திலேயே அடுத்த நடவு போட்டால் நாற்றுக்கு வரவேற்பு தயாராக இருக்கும்.

செம்மண்காடு

நாற்றுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று. தள்ளிப்போட முடிந்தால் எவ்வளவு?

இலைநரம்பு

பழைய கொடியை அழித்த பிறகு மூன்று வாரம், முடிந்தால் நான்கு. வெயில் காலத்தில் வெள்ளை ஈ முட்டையிலிருந்து இறகு முளைக்க 18 நாள் போல ஆகும். வைரஸைச் சுமந்து பறப்பவற்றுக்கு 9 நாள் கடன். அந்த இரண்டும் தாண்டினால் மிச்சம் குறைவு. அசுவினி வைரஸாக இருந்தால் அந்த அசுவினி சாகும்வரை ஆபத்து. அதற்கும் இதே இடைவெளி ஏறக்குறைய போதும்.

ஆனால் உங்கள் வயல் மட்டும் காலியாக இருந்து சுற்றிலும் நாலு பேர் தர்பூசணி வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது இடைவெளியை நம்பாமல் மூடியைத்தான் நம்ப வேண்டும்.

பந்தல்காரர்

கிராப் கவர்தான் தம்பி. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

17 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 17 கிராம்) வெள்ளைத் துணி, 1.6 மீட்டர் அகலம். உங்க 6 அடி பாருக்கு ஏக்கருக்கு 2200 மீட்டர் ஓடும். மூங்கில் பட்டையோ, வளைத்த கம்பியோ, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று குத்தினால் 1500 வளைவு ஆகும். உயரம் ஒன்றரை அடி இருந்தால் இலை துணியில் படாது. இலை துணியில் பட்டால் வெள்ளை ஈ வெளியிலிருந்தே உறிஞ்சும்.

நட்ட அன்றைக்கே மூடணும். மறுநாள் காலை மூடிக்கலாம்னு விட்டால் சாயங்காலமே பூச்சி உள்ளே போயிருக்கும். அதைச் சேர்த்து மூடினா உள்ளே பொறிவண்டும் இல்லை, மழையும் இல்லை, கூண்டில் வளர்த்த மாதிரி பெருகும். இரண்டு ஓரத்தையும் மண்ணால் முழுக்க அணைக்கணும். இங்கே ஒரு கல் அங்கே ஒரு கல் வைத்து விட்டால் காற்றடிக்கும்போது தூக்கும், முடிந்தது.

பெண் பூ முதல் முதல் தெரியும்போது எடுக்கணும், ஏறக்குறைய 25-30 நாள். சாயங்காலம் எடுங்க. காலையில் எடுத்தால் நிழலில் வளர்ந்த இலை அன்றைக்கே கருகும்.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. 30-ஆம் நாள் எடுத்த பிறகு வெள்ளை ஈ வந்து குத்தாதா? அப்போது போட்ட செலவெல்லாம்?

பந்தல்காரர்

குத்தும். குத்தட்டும்.

பூச்சிக்கணக்கு

அண்ணன் சொன்னதை விரிக்கிறேன். 30-ஆம் நாள் குத்தினால் மஞ்சள் தெரிய 50-ஆம் நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் காய் பிடித்துப் பருமனாகி, தோலில் வலைக்கோடு விழத் தொடங்கியிருக்கும். 12-ஆம் நாள் குத்தியதற்கும் 32-ஆம் நாள் குத்தியதற்கும் நடுவே உள்ள இருபது நாளை வாங்கத்தான் அந்தத் துணி. நோயே வராமல் தடுக்க என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

வெயில் 38 டிகிரியைத் தாண்டும் மாதத்தில் துணிக்குள் இன்னும் நாலைந்து டிகிரி கூடும். அந்த நேரம் நடவு என்றால் 20-22 நாளிலேயே எடுத்துவிடுவது நல்லது. ஆண் பூவோடு கொடி நின்று, பெண் பூ தள்ளிப்போனால் அங்கே சம்பாதித்ததை இங்கே விடுவோம்.

வெள்ளி ஷீட் பற்றி ஒரு வார்த்தை. மேலே வெள்ளி, கீழே கருப்பு, 25-30 மைக்ரான். வானத்தின் ஒளியைத் திருப்பி அடிப்பதால் இறங்க வரும் வெள்ளை ஈயும் இறகு அசுவினியும் குழம்பும். ஷீட் கண்ணுக்குத் தெரியும்வரைதான் அது வேலை செய்யும். கொடி பரவி மூடியதும் வெறும் களைத்தடுப்பு. முதல் மூன்று நாலு வாரத்துக்கு நல்ல துணை.

மருந்துக்கடை

மருந்துக்கு வருவோமா?

பூச்சிக்கணக்கு

வருவோம். வைரஸைத் தடுக்க வேண்டுமானால் மருந்து பூச்சியை "எப்போதாவது" கொன்றால் போதாது. அது உட்கார்ந்து சில மணி நேரத்துக்குள் குடிப்பதை நிறுத்த வேண்டும். இந்த வைரஸ்கள் சாறுகடத்தும் திசுவில் மட்டும் இருப்பவை; பூச்சி ஊசியை அவ்வளவு ஆழம் இறக்க மணிக்கணக்கில் ஆகும். நமக்குக் கிடைக்கும் ஒரே சந்து அதுதான். அசுவினி பரப்பும் சாதாரணத் தேமல் வைரஸில் இந்தச் சந்தே கிடையாது, ஒரு நிமிட ருசி பார்ப்பிலேயே ஏற்றிவிடும்.

அடைப்புக்குறிக்குள் போடும் எண், மருந்து பூச்சியைத் தாக்கும் விதத்தைக் காட்டும் குழு எண். அந்த வகையில் சயன்ட்ரானிலிப்ரோல் (28-ஆம் குழு), ஃப்ளூபைராடிஃபியூரோன் (4டி) இரண்டும் பூச்சியின் வாயைச் சீக்கிரம் கட்டுபவை. அமெரிக்கப் பாலைவனத்தில் சிஒய்எஸ்டிவிக்கு இவற்றை முதல் வாரங்களில் வைத்ததில் நோய் தள்ளிப்போனது. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் (4ஏ) நட்டவுடன் வேரில் ஊற்றினால் இரண்டு மூன்று வாரம் காக்கும், அதுவும் எதிர்ப்பு ஏறாத ஊரில்.

பைரிப்ராக்சிஃபென், புப்ரோஃபெசின் குஞ்சையும் முட்டையையும் பார்ப்பவை. வளர்ந்த பூச்சி இன்று குத்துவதை அவை நிறுத்தாது. ஸ்பைரோமெசிஃபெனும் (23) பெரும்பாலும் குஞ்சுக்குத்தான். இவை அடுத்த தலைமுறையைக் குறைக்கும் மருந்துகள். வெளியிலிருந்து பறந்து வரும் கூட்டத்துக்கு எதிரே பயனில்லை. அசுவினிக்கு ஃப்ளோனிகாமிட் (29) நல்லது, உறிஞ்சுவதை நிறுத்தும்.

அளவை இங்கே எழுதமாட்டேன். டப்பாவின் லேபிளில் எந்தப் பயிர், எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் என்று இருக்கிறதோ அது. பயிர் பெயர் லேபிளில் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். பூ வந்த பிறகு 4ஏ குழு பக்கமே போகாதீர்கள். தேனீ போனால் காயும் போகும்.

ஒரே குழுவை ஒரு தலைமுறைக்கு மேல் ஓட்டாதீர்கள். மருந்தின் பெயரை மாற்றுவது மாற்றமல்ல. இமிடாவிலிருந்து தயாமீதாக்சம் போனால் பூச்சிக்கு அது ஒரே மருந்துதான்.

மருந்துக்கடை

வேப்பெண்ணெய்?

பந்தல்காரர்

லிட்டருக்கு 3 மில்லி, ஒட்டு திரவம் சேர்த்து, சாயங்காலம். இலையின் அடியில் படணும், இல்லைன்னா குடிச்ச பாலை மாட்டுக்கு மேல தெளிச்ச கதை. வெயில் 35-க்கு மேலே இருக்கும்போது வேண்டாம். கந்தகம் அடிச்ச இரண்டு வாரத்துக்குள் எண்ணெய் அடிக்கவே கூடாது, முலாம்பழ இலை வெந்துபோகும். கந்தகமே இந்தப் பயிருக்கு வெயிலில் ஆகாது, சாம்பல் நோய்க்குன்னு அடிச்சுட்டு "வைரஸ் வந்துடுச்சு"ன்னு வருவாங்க.

கணக்குப்பிள்ளை

எத்தனை பூச்சி வந்தால் அடிப்பது? வெள்ளை ஈக்கு இலைக்கு 3 என்று ஒரு அளவு படித்த நினைவு.

பூச்சிக்கணக்கு

அரிசோனா அளவு. பூச்சியின் உறிஞ்சலால், தேன்கழிவால் வரும் இழப்புக்குப் போட்டது. சிஒய்எஸ்டிவி வந்த பிறகு அங்கேயே அதை நம்புவதில்லை. பக்கத்தில் நோயுற்ற கொடி நின்றால் இளம் நாற்றுக்கு ஒரு பூச்சியே அதிகம். அசுவினி வைரஸும் அப்படித்தான், இறகோடு வந்து இறங்கும் முதல் அசுவினி உயிருள்ளவரை குத்திக்கொண்டே போகும். ஆனால் அங்கே ஒரு வித்தியாசம்: வயலுக்குள் அசுவினி கூட்டம் போடாமல் தடுத்தால் செடிக்குச் செடி பரவுவது நன்றாகவே குறையும். எறும்பு ஏறும் செடியைத் தேடினால் அசுவினி கிடைக்கும்.

மஞ்சள் ஒட்டு அட்டை ஏக்கருக்கு ஐந்து, பயிரின் தலை உயரத்தில். கணக்குப் பார்க்க மட்டும். அட்டையில் ஒட்டியதை எண்ணி "பிடித்துவிட்டோம்" என்று மகிழ வேண்டாம்.

செம்மண்காடு

சோதனைக்கு அனுப்பினால் எப்படி அனுப்ப வேண்டும்? எல்லாரும் இளம் இலை கேட்கிறார்கள்.

இலைநரம்பு

இளம் இலை மஞ்சள் தேமலுக்கு. உங்களுக்கு நேர்மாறு. மஞ்சள் ஏறத் தொடங்கிய, இன்னும் காயாத நடு வயது இலை, காம்போடு. வைரஸ் காம்பிலும் நடு நரம்பிலும் இருக்கிறது. நுனி இலையை அனுப்பினால் "இல்லை" என்று வரும், நீங்களும் நம்புவீர்கள்.

ஆறேழு கொடியிலிருந்து தனித்தனியாக. ஒவ்வொன்றையும் காய்ந்த செய்தித்தாளில் சுற்றி, உறையில் போட்டு, ஐஸ் பெட்டியில். நனைக்காதீர்கள், ஒரே பாலித்தீன் பையில் திணிக்காதீர்கள், வழியிலேயே அழுகும். மறுநாளுக்குள் போய்ச் சேர வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள். தூரம் என்றால் இலையைச் சிறு துண்டாக்கி சிலிக்கா ஜெல்லில் காயவைத்து அனுப்பலாம். ஒரு நல்ல பச்சைச் செடியின் இலையும் வேண்டும்.

கடிதத்தில் எழுதுங்கள்: "ஆர்என்ஏ வைரஸுக்கு ஆர்டி-பிசிஆர் வேண்டும். கிரினிவைரஸ், பொலரோவைரஸ் இரண்டும் பார்க்கவும்." (ஆர்டி-பிசிஆர் என்பது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றிப் பெருக்கிப் பார்க்கும் சோதனை.) இது எழுதாவிட்டால் வழக்கமான பெகோமோவைரஸ் (மஞ்சள் தேமல் வைரஸ் கூட்டம்) பிசிஆர் மட்டும் ஓட்டிவிட்டு "வைரஸ் இல்லை" என்று சீட்டு வரும். அது டிஎன்ஏ வைரஸுக்கான சோதனை, உங்கள் ஆளை அது பார்க்கவே பார்க்காது. மக்னீசியம் மூட்டைகள் விற்பது அந்தச் சீட்டுக்குப் பிறகுதான்.

பந்தல்காரர்

பாகலுக்கும் இது உண்டு. பந்தல் பாகலில் அடியிலை மஞ்சளாகி மொறமொறன்னு ஆச்சுன்னா எல்லாரும் வயசாயிடுச்சுன்னு சொல்வாங்க.

இலைநரம்பு

உண்மை. சிஏபிஒய்வி இந்தியாவில் பாகலில் இருப்பது 2017-இல் பதிவானது. வயதான இலை பழுத்தால் நரம்பும் சேர்ந்து மஞ்சளாகும். இதில் நரம்பு பச்சையாகவே நிற்கும், இலை தடிக்கும். பந்தலில் கொடி மாதக்கணக்கில் நிற்பதால் பக்கத்து முலாம்பழத்துக்கு அது நிரந்தர வைரஸ் வங்கி. சாண எருக்குழியில் தானே முளைத்த பூசணி, வேலியில் ஏறிய கோவைக்கொடி, இவற்றையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள்.

செம்மண்காடு

நிற்கும் பயிரை என்ன செய்ய? காய் எலுமிச்சை அளவு.

பூச்சிக்கணக்கு

சோதனை முடிவைப் பொறுத்து எதிர்பார்ப்பு மாறும். சிஏபிஒய்வி என்றால் பூ உதிரும், காய் எண்ணிக்கை குறையும், பிடித்த காய் பெரும்பாலும் ஒழுங்காகவே வரும். வெள்ளை ஈ வைரஸ் என்றால் வெளியே பார்க்க நல்ல காய், உள்ளே சர்க்கரை இல்லை. அமெரிக்காவில் முதல் தரத்துக்கு 9 பிரிக்ஸ் (சாற்றின் இனிப்பு அளவு), உயர்தரத்துக்கு 11 வேண்டும்; நோயுற்ற வயல் அதில்தான் தோற்றது.

இரண்டிலும் செய்யக்கூடியது காய் குறைப்பு. கொடிக்கு இரண்டு காயை விட்டு மற்றதைக் கிள்ளுங்கள், பாதி இலையால் நாலு காயை இனிக்கவைக்க முடியாது. நைட்ரஜனை ஏற்றாதீர்கள், இளம் தளிர் வெள்ளை ஈக்கு முட்டையிட இடம். பொட்டாஷ் வழக்கமான அளவே போதும். அடைபட்ட குழாய்க்குள் சர்க்கரை போக வழியில்லாதபோது உரத்தை இரட்டிப்பாக்கி என்ன ஆகப்போகிறது? அறுவடைக்கு முன் நாலு காயை அறுத்து ரெஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். 7-க்குக் கீழே நின்றால் லாரி பிடிக்காமல் உள்ளூரிலேயே தள்ளிவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை

எதிர்ப்பு ரகம் என்று ஒன்றும் கிடையாதா? இத்தனை வருடம் ஆராய்ச்சி செய்கிறார்களே.

பாலைக்கொடி

மூலம் இருக்கிறது, அதில் பாதி நம் ஊர்ச் சரக்கு. அமெரிக்க விதை வங்கியில் பிஐ 313970 என்ற எண்ணில் உள்ளது இந்தியாவிலிருந்து போன முலாம்பழ வகை, சிஒய்எஸ்டிவிக்குத் தாங்கும், ஒடுங்கு பண்பாக (தாய், தந்தை இரண்டிலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும்) வருகிறது. ஜிம்பாப்வேயிலிருந்து வந்த டிஜிஆர்-1551-இல் ஓங்கு பண்பு (ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே போதும்), சிஏபிஒய்வியையும் தாங்கும். பிஐ 124112-உம் இந்திய வகை, சிஏபிஒய்விக்கு இரண்டு ஒடுங்கு மரபணு சேர்ந்தால்தான் வேலை செய்யும்.

"தாங்கும்" என்றுதான் சொன்னேன், "வராது" என்று சொல்லவில்லை. வைரஸ் உள்ளே நுழையும், குறைவாகப் பெருகும், மஞ்சள் தாமதமாகும். இவையெல்லாம் இனிப்பில்லாத, சதை சரியில்லாத வகைகள். ஒடுங்கு பண்பை இனிப்பு ரகத்தில் ஏற்ற இரண்டு பெற்றோரிலும் ஏற்ற வேண்டும். விதைப் பாக்கெட்டில் "வைரஸ் தாங்கும்" என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வைரஸ் என்று கேளுங்கள். பெரும்பாலும் தேமல் வைரஸாக இருக்கும், இதற்கு உதவாது.

செம்மண்காடு

சரி, காய் எடுத்த பிறகு கொடியை உடனே பிடுங்கிப் போட்டுவிடலாம் அல்லவா?

பந்தல்காரர்

அவசரப்படாதீங்க. உயிரோட பிடுங்கினா இலை வாட வாட அத்தனை வெள்ளை ஈயும் எழுந்து பக்கத்து வயலுக்குப் போகும். முதல் நாள் சாயங்காலம் வளர்ந்த பூச்சியைக் கொல்லும் மருந்து, இலையடியில் நன்றாகப் படும்படி, ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர். மறுநாள் கழிச்சு, அதிகாலையில், பூச்சி பறக்காத நேரம் பிடுங்கணும். பிடுங்கியதை வரப்பில் குவிக்காம அன்றைக்கே ரோட்டவேட்டர் போட்டு மடக்கணும், இல்லைன்னா குவிச்சு பாலித்தீன் ஷீட்டால் மூடி ஒரு வாரம் வெயிலில் விடணும். சொட்டுநீரை முதலிலேயே நிறுத்திடாதீங்க, காய்ந்த கொடி பூச்சியை முன்கூட்டியே கிளப்பிவிடும்.

செம்மண்காடு

வெண்டை பக்கத்து வீட்டு அண்ணனுடையது. அவரிடம் என்ன சொல்ல?

பூச்சிக்கணக்கு

அழிக்கச் சொல்லாதீர்கள், கேட்கமாட்டார், கேட்கவும் தேவையில்லை. நீங்கள் மருந்தடிக்கும் அதே சாயங்காலம் அவரும் அடித்தால் போதும். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கும் பயிர், ஆகவே காத்திருப்பு நாள் குறைவான, வெண்டைக்கு லேபிள் உள்ள மருந்தாகப் பாருங்கள். மருந்துச் செலவில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் நாற்று இறங்கும் வாரம் அந்தக் கிழக்கு ஓர நாலு வரிசைக்குத்தான் முதலில் துணி மூடணும்.

மருந்துக்கடை

வெண்டை லேபிள் உள்ளது எது எதுன்னு நாளைக்கு டப்பாவைப் பார்த்து இங்கே போடறேன்.